புனிதப் பொருட்களும் ஆய்வுக்கூடச் சான்றும்: அறிவியல் எங்கே நின்றுவிடுகிறது?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் நாம் நின்றிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் தன் கைபேசியை நீட்டினார். "ஹஜ்ரத், இதுல எது உண்மை?" என்று கேட்டார். இரண்டு செய்திகளைக் காட்டினார். குர்ஆன் மாறவே இல்லை என்பதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றது ஒன்று. நபிகள் பிறப்பதற்கு முன்பே குர்ஆன் எழுதப்பட்டிருந்தது, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றது மற்றொன்று. இரண்டிலும் ஒரே படம். இரண்டிலும் ஒரே எண்கள்: 568, 645.

முதல் செய்தியைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பியவர் அவரேதான். அதற்குப் பதிலாக ஒரு நண்பர் இரண்டாவது செய்தியை அனுப்பியபோதுதான் அவருக்கு உறக்கம் போயிற்று. "சயின்ஸே சொல்லிருச்சுன்னு நான்தான் ஹஜ்ரத் ஆரம்பிச்சேன். இப்ப அதே சயின்ஸை வச்சு அவன் கேக்குறான்" என்றார்.

அவருக்கு நின்ற இடத்தில் சொன்ன பதில் சுருக்கமானது. அதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். குர்ஆனின் பழம்பிரதிகள், நபி (ஸல்) அவர்களின் திருமுடி, அவர்களுடையவை என்று சொல்லப்படும் ஆடைகள், வாள்கள் ஆகியவை பற்றி "ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்பட்டது" என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆய்வுக்கூடம் எதை உறுதி செய்யும், எதை உறுதி செய்யாது என்பது தெரியாவிட்டால், இன்று மகிழ்ச்சி தரும் செய்தியே நாளை நம்மைக் கலங்க வைக்கும்.

பர்மிங்காம் பிரதி: நடந்தது என்ன?

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக நூலகத்தில், 1920களில் மத்தியக் கிழக்கிலிருந்து திரட்டப்பட்ட மிங்கானா சேகரிப்பு என்ற சுவடித் தொகுதி இருக்கிறது. அதில் ஆட்டுத் தோல் போன்ற பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதப்பட்ட இரண்டு குர்ஆன் ஏடுகள், வேறொரு பிரதியின் ஏடுகளோடு தவறுதலாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஓர் ஆய்வு மாணவி அவற்றை நுணுகிப் பார்த்தபோது எழுத்து வேறுபடுவதைக் கவனித்தார். தோலின் ஒரு துணுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. அந்தத் தோல் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது, இதற்கான நிகழ்தகவு 95.4 சதவீதம் என்று முடிவு வந்தது. 2015 ஜூலையில் இது அறிவிக்கப்பட்டதும் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது.

கஹ்ஃபு, மர்யம், தாஹா ஆகிய சூராக்களின் பகுதிகள் அந்த ஏடுகளில் இருக்கின்றன. ஹிஜாஸி எனப்படும் பழைய அரபு எழுத்து முறையில் எழுதப்பட்டவை. நாம் ஓதும் வசனங்களே அவற்றிலும் இருக்கின்றன. முஸ்லிம்கள் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று பலரும் கேட்கவில்லை.

கார்பன் சோதனை எதை அளக்கிறது?

விண்வெளிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தைத் தாக்கும்போது கார்பன்-14 என்ற ஒருவகைக் கார்பன் உண்டாகிறது. செடிகள் காற்றிலிருந்து அதை உறிஞ்சுகின்றன. ஆடு அந்தச் செடியைத் தின்கிறது. உயிரோடு இருக்கும்வரை அதன் உடலில் கார்பன்-14 வந்துகொண்டே இருக்கும். அறுக்கப்பட்டதும் வரவு நின்றுவிடுகிறது. இருப்பு மட்டும் சிதைந்துகொண்டே போகிறது. சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மீதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்த உயிர் எப்போது இறந்தது என்று கணக்கிடலாம். 1940களின் இறுதியில் இம்முறையைக் கண்டறிந்த வில்லார்ட் லிபி என்ற அமெரிக்க வேதியியலாளருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, பர்மிங்காம் ஏட்டின் எண்கள் ஆடு எப்போது இறந்தது என்று சொல்கின்றன. அந்தத் தோலில் எழுதுகோல் எப்போது பட்டது என்று அவை சொல்லவில்லை. பதப்படுத்திய தோல் விலை மிகுந்த பொருள். ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்தும் பயன்படுத்தலாம், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதவும் செய்யலாம். கரி மையையும் இதே முறையில் சோதித்துப் பார்க்க முயலலாம். ஆனால் எரிந்த விறகின் வயதுதான் அதில் தெரியும், எழுதிய நாள் தெரியாது.

அடுத்தது, 568 முதல் 645 வரை என்பதன் பொருள். வளிமண்டலத்தில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்கிறார்கள். அதனால் விடை ஒரே ஆண்டாக வராது, ஓர் இடைவெளியாகவே வரும். அந்த 77 ஆண்டுகளில் ஏதோ ஒன்றில் ஆடு இறந்திருக்கிறது. எந்த ஆண்டு என்று சோதனை சொல்லாது.

நபி (ஸல்) அவர்கள் பிறந்தது ஏறத்தாழ 570இல். வஹீ வரத் தொடங்கியது 610இல். வஃபாத்தானது 632இல். இடைவெளியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்பவர், "பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது" என்கிறார். நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்பவர், "ஒரு ஸஹாபியின் கையெழுத்தேதான்" என்கிறார். சோதனை இருவருக்கும் அந்தச் சான்றைத் தரவில்லை. இஸ்லாத்தின் தொடக்க காலத்தோடு பொருந்தக்கூடிய தோல் இது என்பதே அது தருவது. அதுவே பெரிய செய்திதான். அதற்கு மேல் சொன்னால் அது நம் சொல், ஆய்வுக்கூடத்தின் சொல்லல்ல.

ஒரே சுவடி, வேறு வேறு வயது

யமன் நாட்டின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் 1972இல் கட்டடப் பழுதுபார்ப்பின்போது ஏராளமான பழைய குர்ஆன் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் ஒரு சுவடியில் பழைய எழுத்து அழிக்கப்பட்டு, அதன் மேல் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுவடியின் ஓர் ஏட்டை அமெரிக்காவின் அரிசோனா ஆய்வுக்கூடம் சோதித்து 578 முதல் 669 வரை என்றது. அதே சுவடியின் வேறோர் ஏட்டை பிரான்ஸின் லியோன் ஆய்வுக்கூடம் சோதித்தபோது 388 முதல் 535 வரை என்று வந்தது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆன் எழுதத் தோல் தயாராகிவிட்டது என்றாகும்!

எந்த ஆய்வாளரும் அப்படி முடிவு கட்டவில்லை. மாதிரியில் அழுக்கோ வேறு கார்பனோ கலந்திருக்கலாம், தயாரிப்பில் பிழை நேர்ந்திருக்கலாம் என்றுதான் யோசித்தார்கள். எழுத்தின் வடிவம், எழுத்திலக்கணம், வசனப் பிரிப்பு முறை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் எண்ணை எடை போட்டார்கள். துறை அறிந்தவர்கள் சோதனை எண்ணை இப்படித்தான் கையாள்கிறார்கள். வாட்ஸ்அப்பில்தான் அது இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது.

பழைய ஏடு, புதிய பொய்

2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், ஈஸா (அலை) அவர்களுக்கு மனைவி இருந்ததாகக் குறிப்பிடும் ஒரு சிறிய பாப்பிரஸ் துண்டை வெளியிட்டார். கிறிஸ்தவ உலகம் பரபரத்தது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் அந்த பாப்பிரஸ் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்று தெரிந்தது. மையும் பழங்கால மையைப் போலவே இருந்தது. மோசடிக்கான தடயம் இல்லை என்று 2014இல் அறிக்கைகள் வந்தன.

ஆயினும் அது போலிதான். மொழியறிஞர்கள் அதன் வாசகத்தில், இணையத்தில் கிடைக்கும் ஒரு பதிப்பின் அச்சுப்பிழை வரை அப்படியே இருப்பதைக் காட்டினார்கள். 2016இல் ஒரு பத்திரிகையாளர், அந்தத் துண்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தேடிப் புறப்பட்டார். அதைக் கொடுத்தவரின் பின்னணியும் அவர் காட்டிய ஆவணங்களும் நம்பத்தக்கவையல்ல என்று தெரிந்ததும், பேராசிரியரே அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்டார்.

பழைய வெற்று பாப்பிரஸைக் காசு கொடுத்து வாங்கலாம். கரியைக் குழைத்து யாரும் மை செய்யலாம். ஆய்வுக்கூடம் பொருளைச் சோதித்தது, பொருள் உண்மையிலேயே பழையது. பொய் இருந்தது செய்தியில். பொய்யைப் பிடித்தது "இது யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி. மத்ரஸாவில் ஹதீஸ் பாடத்தில் நாம் முதலில் கற்கும் கேள்வியும் அதுதான்.

திருமுடியும் டிஎன்ஏ சோதனையும்

"திருமுடியை டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். இதையும் பொறுமையாகப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜின்போது மினாவில் தலைமுடி களைந்ததும், அதை அபூ தல்ஹா (ரலி) அவர்கள் மூலம் மக்களுக்குப் பங்கிட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் திருமுடியைப் பாதுகாத்து வைத்திருந்தது புகாரியில் இருக்கிறது. எனவே திருமுடி பாதுகாக்கப்பட்டிருப்பது சாத்தியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்று ஓர் ஊரில் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் இந்த முடி அவற்றில் ஒன்றுதானா என்பதே கேள்வி.

டிஎன்ஏ சோதனை என்பது ஒப்பீடு. ஒப்பிட இரண்டாவது மாதிரி வேண்டும். வேரற்ற முடியில் பெரும்பாலும் கிடைப்பது தாய்வழி வரும் டிஎன்ஏ. நபி (ஸல்) அவர்களுக்கு அது அன்னை ஆமினாவிடமிருந்து வந்தது. ஆமினாவுக்கு வேறு பிள்ளை இல்லை. ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் தாய்வழி வந்தது அன்னை கதீஜா (ரலி) அவர்களுடையது. ஆகவே இன்று வாழும் ஸய்யிது குடும்பத்தார் எவரிடமும் ஒப்பிடுவதற்குரிய அந்தத் தாய்வழி மாதிரி கிடைக்காது. தந்தைவழி டிஎன்ஏ ஒருவேளை கிடைத்தாலும், அப்துல் முத்தலிபின் ஆண்வழியில் வந்தவர் ஒருவருடைய முடி என்பதற்கு மேல் அது சொல்லாது. அந்த வழியில் எத்தனை ஆயிரம் பேர் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள்! நூற்றாண்டுகளாகத் தொட்டவர்கள், முத்தமிட்டவர்களின் டிஎன்ஏவும் அதில் கலந்திருக்கும்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தது. அவர் இறந்து ஐந்து நூற்றாண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய சகோதரியின் பெண்வழி வாரிசுகள் உயிரோடு இருந்தார்கள். அந்த டிஎன்ஏ பொருந்தியது. ஆனால் வம்சாவளிப் பட்டியலின்படி ஆண்வழி உறவினர்களாக இருந்தவர்களோடு தந்தைவழி டிஎன்ஏ பொருந்தவில்லை. அப்படியும் அவர்தான் என்று முடிவு செய்தார்கள் என்றால், போர்க்காயங்கள், வளைந்த முதுகெலும்பு, அடக்கம் செய்யப்பட்ட இடம் பற்றிய வரலாற்றுப் பதிவு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான். ஓர் அரச குடும்பத்தின் வம்சாவளி இருந்தும் டிஎன்ஏவால் தனித்து நிற்க முடியவில்லை.

ஹஸ்ரத்பால்: எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது?

1963 டிசம்பர் 27 அன்று காஷ்மீரின் ஹஸ்ரத்பால் பள்ளியிலிருந்து திருமுடி காணாமல் போனது. கடுங்குளிரில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 1964 ஜனவரி 4 அன்று அது மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. உடனே அடுத்த ஐயம் எழுந்தது. திரும்பி வந்தது அதேதானா? பிப்ரவரி தொடக்கத்தில் மார்க்கப் பெரியவர்கள் முன்னிலையில் அது காட்டப்பட்டது. மக்களின் மதிப்பைப் பெற்றிருந்த மீரக் ஷாஹ் போன்றோர் பார்த்து, அதேதான் என்றதும் காஷ்மீர் அமைதியானது.

அங்கே எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. முன்பு பலமுறை கண்டவர்களின் சாட்சியம் போதுமாக இருந்தது. அந்தச் சாட்சியம் விடை சொன்னது "காணாமல் போனதும் கிடைத்ததும் ஒன்றா?" என்ற கேள்விக்கு. மதீனாவிலிருந்து பீஜப்பூருக்கும், அங்கிருந்து 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காஷ்மீருக்கும் வந்ததாகச் சொல்லப்படும் அதன் முந்தைய வரலாறு வேறு கேள்வி. அதற்கான விடையை அந்த வழிவழிச் செய்தியின் வலிமையில்தான் தேட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது, அந்த மக்களின் நேசத்தை இழிவுபடுத்துவதாகாது.

நம் முன்னோர் சோதித்த விதம்

ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் நம் அறிஞர்கள் ஏமாந்துகொண்டா இருந்தார்கள்? ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் கொண்டுவரப்பட்டது. கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாக அதில் எழுதியிருந்தது. ஸஹாபாக்களின் சாட்சியங்களும் இருந்தன. அமைச்சர் அதை ஹதீஸ் கலை அறிஞர் கதீப் அல்-பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். பார்த்ததுமே அவர்கள் போலி என்றார்கள். எப்படி என்று கேட்டபோது இரண்டு காரணங்கள் சொன்னார்கள். சாட்சிகளில் முஆவியா (ரலி) அவர்கள் பெயர் இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் நடந்தது ஹிஜ்ரி 7இல். ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் பெயரும் இருக்கிறது. அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே வஃபாத்தாகிவிட்டார்கள்.

தோலையும் மையையும் அவர்கள் தொடவில்லை. சாட்சி சொன்னவர்கள் யார், எப்போது வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள்.

இந்த நேர்மை நம் காலத்திலும் இருக்கிறது. இஸ்தான்புல், டாஷ்கண்ட், கெய்ரோ ஆகிய ஊர்களில் உஸ்மான் (ரலி) அவர்களுடையது என்று சொல்லப்படும் பழம்பெரும் முஸ்ஹஃபுகள் இருக்கின்றன. துருக்கியின் மார்க்க விவகாரத் துறைத் தலைவராக இருந்த தய்யார் அல்திகுலாச், தோப்காப்பி அருங்காட்சியகத்தில் உள்ள பிரதியை எழுத்து எழுத்தாக ஆய்ந்து 2007இல் வெளியிட்டார். அது உஸ்மான் (ரலி) அவர்களின் சொந்தப் பிரதியல்ல, பிந்தைய உமய்யாக்கள் காலத்தது என்பது அவருடைய முடிவு. தன் நாட்டின் பெருமையாகக் கருதப்படும் பொருளைப் பற்றி, ஒரு முஸ்லிம் அறிஞரே இதைச் சொன்னார். குர்ஆனின் மதிப்பு அதனால் கடுகளவும் குறையவில்லை.

அப்படியானால் அறிவியல் எதற்கு?

பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம் "இல்லை" என்று சொல்லும்போது அதன் சொல்லுக்கு எடை அதிகம். இத்தாலியின் தூரின் நகரில் இருக்கும் துணியை, ஈஸா (அலை) அவர்களைப் போர்த்திய துணி என்று கிறிஸ்தவர்களில் பலர் நம்புகிறார்கள். 1988இல் ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா என மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாகச் சோதித்தன. 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்று வந்தது. அந்தத் துணியைப் பற்றிய தெளிவான எழுத்துப் பதிவு தொடங்குவதும் 14ஆம் நூற்றாண்டு பிரான்ஸில்தான். ஆய்வுக்கூடமும் ஆவணமும் ஒன்றையே சொன்னால், அதை எளிதில் தள்ள முடியாது. மாதிரி எடுத்த இடம் சரியில்லை என்றெல்லாம் இன்றும் வாதங்கள் நடக்கின்றன.

அந்த முடிவைக் கேட்டு மகிழும் முஸ்லிம், நாளை தன் ஊரில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி அதே முடிவு வந்தால் ஏற்கத் தயாரா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறருக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை.

ஒரு பொருள் அதற்குரிய காலத்தைச் சேர்ந்ததல்ல என்று அறிவியல் காட்டலாம். அந்தக் காலத்தைச் சேர்ந்தது என்றும் ஓரளவு காட்டலாம். ஆனால் இன்னாருடையது என்று சொல்ல மனிதர்களின் சாட்சியம் வேண்டும். "ஆய்வுக்கூடச் சான்றிதழ் இருக்கிறது" என்று சொல்லி ஒருவர் குப்பியோடும் உண்டியலோடும் ஊருக்கு வந்தால், சான்றிதழைக் கேட்பதற்கு முன் ஸனதைக் கேளுங்கள். யாரிடமிருந்து பெற்றீர், அவர் யாரிடமிருந்து பெற்றார்? பதில் இல்லையென்றால், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி ஒதுங்குவது ஈமானுக்குக் குறைவல்ல. நபி (ஸல்) அவர்கள் பெயரில் இல்லாததைச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று நாம் அறிவோம். அவர்களுடையதல்லாத பொருளை அவர்களுடையது என்பதிலும் அந்த அச்சம் இருக்க வேண்டும். அதே நேரம், உறுதியான ஆதாரமில்லாமல் பொய் என்று ஏளனம் செய்வதும் நமக்குரிய பண்பல்ல.

அந்த இளைஞரிடம் நாம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, பர்மிங்காமில் அந்த ஏடு 2015இல் வெளிவருவதற்கு முன்னால் உங்கள் பாட்டனார் எதை நம்பி ஓதினார்?" சற்று யோசித்துவிட்டு, "அவங்க உஸ்தாது ஓதிக் கொடுத்தாங்க" என்றார். அந்த உஸ்தாதுக்கு ஓர் உஸ்தாது இருந்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் இருவரல்ல, ஊர் ஊராகக் கூட்டம் கூட்டமாக ஓதி, மனனமிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தி, ஸஹாபாக்கள் வரை செல்லும் தொடர் அது. அந்த ஏடு மறுபடி தொலைந்துபோனாலும் இந்தத் தொடர் அறுந்துவிடாது.

அவர் அன்று மாலையே தன் குழுக்களில் ஒரு திருத்தம் அனுப்பியதாகப் பின்னர் சொன்னார். "அந்தத் தோல் மிகப் பழையது, மாஷா அல்லாஹ். அதற்கு மேல் நான் சொன்னது என் ஆர்வத்தில் சொன்னது" என்று எழுதினாராம். நண்பரிடமிருந்து வேறு கேள்வி வரவில்லையாம்.

வல்லாஹு அஃலம்.